குதிகால் முள் மேல் ஏன் பழி?

காலையில் எழுந்து தரையில் கால் வைத்ததும் குதிகாலில் ஆணி இறங்கியது போல ஒரு வலி. பாத்ரூம் வரை நொண்டிப் போய்த் திரும்புவதற்குள் பாதி குறைந்துவிடும். எக்ஸ்ரே எடுத்தால் குதிகால் எலும்பின் அடியில் கொக்கி மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருக்கும். ‘முள் வளர்ந்திருக்கு’ என்பார்கள். பாவம் அந்த முள். வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு.

கோளாறு பெரும்பாலும் நார் எலும்பில் ஒட்டுமிடத்தில். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பெருவிரலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு, பாதக் குழிவை மறு கையால் தடவிப் பாருங்கள். கயிறு போல விறைத்து நிற்கும். கிணற்று உருளையில் கயிறு சுற்றுவது போல, ஒவ்வொரு அடியிலும் விரல் மேல்நோக்கி மடங்கும்போது பட்டை இழுபடுகிறது. 1954-இல் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் இதை விளக்கினார்.

அந்த இழுவை போய் முடியும் இடம் எலும்பு. செல்போன் சார்ஜர் வயர் நடுவிலா பிய்கிறது? பின்னோடு சேரும் கழுத்தில்தான். வளைவதும் வளையாததும் சேரும் இடத்தில் விசை குவியும். அதனால் உடம்பு நாரை நேரே எலும்பில் ஒட்டுவதில்லை. முதலில் நார், அடுத்து நார்க் குருத்தெலும்பு, அப்புறம் சுண்ணாம்புச் சத்து ஏறிய குருத்தெலும்பு, கடைசியில் எலும்பு. கடைசி இரண்டும் தச்சர் பொளி போட்டுக் கோத்தது போல மேடும் பள்ளமுமாகப் பிணைந்திருக்கும். தசைநாண்கள், தசைநார்கள் பலவும் எலும்பில் சேர்வது இப்படித்தான்.

அருமையான ஏற்பாடு, ஒரு குறையோடு. குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது; பழுது பார்க்கும் வேலை மெதுவாகவே நடக்கும். நாள் முழுக்க நின்று வேலை செய்பவருக்குத் தேய்மானம் முந்திக்கொள்ளும். நாட்பட்ட வலியில் அந்தத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் அழற்சி அணுக்களைவிடத் தாறுமாறாகக் கிடக்கும் நார்களே அதிகம். டென்னிஸ் மட்டையையே தொடாதவருக்கு வரும் ‘டென்னிஸ் எல்போ’ என்ற முழங்கை வலியும் இதே கதைதான்.

இன்னொரு வகை வேறு. அங்கே நோய் எதிர்ப்பு மண்டலமே ஒட்டுமிடங்களைத் தாக்குகிறது. முதுகெலும்பை இறுக்கும் மூட்டுவாதத்தில் இது வழக்கம். சொரியாசிஸ் உள்ள சிலருக்கும் வரும். இளவயதில் குதிகால் வலியோடு, காலையில் அரைமணிக்கு மேல் முதுகு பிடித்துக்கொண்டு, ஓய்வில் குறையாமல் நடமாடினால் குறைகிறது என்றால் மூட்டுவாத மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

சாதாரண குதிகால் வலி பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அடங்கிவிடும். இரவில் பாதம் தொங்கிக் கிடப்பதால் பட்டை தளர்ந்திருக்கும். முதல் அடியில் சட்டென்று இழுபடுகிறது. அதனால் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே கால் விரல்களைக் கையால் பின்னால் இழுத்துப் பத்து வினாடி பிடிக்க வேண்டும், பத்து முறை.