வீட்டில் செயற்கை முத்து: பளபளப்புக்குத் தின்னர் தேவையில்லை

செயற்கை முத்துக்கான பழைய செய்முறைகளில் இரண்டு பொருள்கள் அடிக்கடி வரும்: காரீய கார்பனேட், நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். முன்னது நஞ்சு, முத்துமணியைக் குழந்தை வாயில் போடும். பின்னதை இளக்கும் தின்னரான அசிட்டோனின் ஆவி, சாதாரண அறை வெப்பத்திலேயே சிறு பொறிக்கும் தீப்பிடிக்கும். பூஜை விளக்கோ கேஸ் அடுப்போ எரியும் வீட்டில் இந்த லாக்கர் வேலையே கூடாது.

முத்தின் மினுக்கு ரசாயனத்தின் வீரியத்தால் வருவதல்ல. 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ஆற்றுமீன் செதிலைக் கழுவியெடுத்த வெள்ளிச் சாந்தைக் கண்ணாடி மணிக்குள் பூசி, மெழுகு நிரப்பினார்கள். அதில் மின்னியது குவானின் எனும் தட்டைத் துகள். துகள்கள் படுத்தவாக்கில் அடுக்கடுக்காக அமைந்தால் ஒளி உள்ளிருந்து வருவதுபோல் தெரியும். டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய மைக்கா தூளும் இதையே செய்கிறது. அதைக் கலக்கத் தின்னர் வேண்டாம், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் வார்னிஷே போதும்.

100 கிராம் தெளிவான அக்ரிலிக் வார்னிஷுக்கு 3 கிராம் வெள்ளை முத்துத் தூள். மாஸ்க் அணிந்து, தூளை முதலில் சில சொட்டு வார்னிஷில் குழைத்த பிறகே மீதியை ஊற்றுங்கள். நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். 8 மில்லிமீட்டர் பால்வெள்ளைக் கண்ணாடி மணிகளைச் சோப்பால் கழுவிக் காயவைத்து, விரல் படாமல் பல்குத்தியில் செருகுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்த இடத்தில் பூச்சு ஒட்டாமல் விலகும். முக்கி, மெதுவாகத் தூக்குங்கள். வேகமாக எடுத்தால் அடியில் கண்ணீர்த்துளிபோல் திரளும். காய்வதற்குள் அதைப் பஞ்சு நுனியால் தொட்டு எடுத்துவிடலாம்.

ஈரத்தில் பால்போல் தெரியும் பூச்சு, காய்ந்ததும் தெளியும். தெளியுமுன் அடுத்ததைப் போட்டால் உள்ளே மங்கல் தங்கிவிடும். மழைநாளில் ஒரு மணிநேரத்துக்குமேல் ஆகும், பொறுங்கள். மொத்தம் ஐந்தாறு மெல்லிய பூச்சு. ஒவ்வொரு முறையும் கலக்குங்கள், தூள் அடியில் படியும். கடைசியில் தூள் சேர்க்காத வார்னிஷ் இரண்டு முறை. கோர்ப்பதற்கு முன் மூன்று நாள் காயவிடுங்கள். பூச்சு முதலில் உரிவது துளை விளிம்பில்தான். மணிகளுக்கிடையே முடிச்சுப் போட்டால் உரசல் குறையும்.

முத்துச்சிப்பித் தகடு போல வேண்டுமானால் எபாக்சி ரெசினில் (கடினமாக்கி சேர்த்தால் இறுகும் பிசின்) அதே தூளைக் கலந்து 2 மில்லிமீட்டர் கனத்தில் ஊற்றி, தேன்பதம் வந்ததும் சீப்பால் வளைத்து இழுங்கள். துகள்கள் இழுத்த திசையில் திரும்பி அலையலையாய் மின்னும். சீக்கிரம் இழுத்தால் அலை கரைந்துவிடும். கடினமாக்கியின் அளவு டப்பாவில் உள்ளபடியே; கூட்டினால் வேகமாக இறுகாது, பிசுபிசுப்பே மிஞ்சும். ஒரே கப்பில் நிறையக் கலந்தால் சூடேறிப் புகையும். தோலில் பட்டால் சோப்பால் கழுவுங்கள், அசிட்டோனால் துடைக்காதீர்கள். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் போகாது. இறுகிய தகட்டை ஈரமாக வைத்தே உப்புத்தாளால் தேயுங்கள். உண்மைச் சிப்பியைத் தேய்த்தாலும் அப்படித்தான், அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.