பூட்டி வைத்த ஸ்மார்ட் போர்டும் மலைப்பள்ளியின் ஈரமும்

பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்று ஸ்மார்ட் போர்டைப் பூட்டி வைக்கிறோம். நீலகிரியில் அதைக் கெடுப்பதே அந்தப் பூட்டுதான். சமவெளிப் பள்ளியில் ஒரு மாதம் சும்மா கிடந்தால் தூசி படியும், துடைத்தால் போயிற்று. கோத்தகிரியில் ஐப்பசி முழுக்கப் பூட்டிக் கிடந்தால் புரொஜெக்டர் லென்ஸில் பூஞ்சை படரும், ஒயர் முனைகளில் களிம்பு ஏறும், போர்டின் கண்ணாடிக்குப் பின்னால் ஈரம் இறங்கும். தினமும் அரை மணி நேரம் ஓடுகிற கருவி தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்ளும். ஆகவே இந்த மலையில் கருவியைக் காப்பாற்றுவதும் அதை வைத்துப் பாடம் நடத்துவதும் ஒரே வேலை.

முதலில் சுவர். பொருத்த வருபவர் ப்ளக் பாயிண்ட் எங்கே இருக்கிறதோ அங்கே மாட்டிவிட்டுப் போகப் பார்ப்பார். விடக்கூடாது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அறைந்து பெய்யும். அங்கே தென்மேற்கு பார்த்த வெளிச்சுவர் நான்கு மாதமும் ஊறிப்போய் இருக்கும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழைதான் கனமழை; அங்கே வடகிழக்குச் சுவர் ஆகாது. இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவே உள்ள உள்சுவரே நல்லது. அதுவும் சுவரோடு ஒட்டாமல் இரண்டு அங்குலம் காற்று போக இடம் விட வேண்டும். காலை வெயில் நேராக விழும் ஜன்னலுக்கு எதிரேயும் வேண்டாம். பல போர்டுகளில் தொடுதலை உணர்வது சட்டத்தில் உள்ள அகச்சிவப்புக் கதிர். வெயில் பட்டாலும், மழைப்பூச்சி சட்டத்தில் ஒட்டிச் செத்துக் கிடந்தாலும் யாரும் தொடாமலே கோடு விழும். மென்பொருள் கோளாறு என்று புகார் எழுதும் முன் உலர்ந்த துணியால் நான்கு பக்கச் சட்டத்தையும் ஒரு முறை துடைத்துப் பாருங்கள்.

புரொஜெக்டர் வைத்திருக்கும் பள்ளிகளுக்கு ஒரு செய்தி. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். இந்த உயரத்தில் காற்று மெல்லியது. அதே வேகத்தில் ஃபேன் சுற்றினாலும் சூடு முழுதாக இறங்காது. இதற்காகவே பல புரொஜெக்டர்களில் 'ஹை ஆல்டிட்யூட்' என்றொரு அமைப்பு உண்டு. சுமார் 1,500 மீட்டருக்கு மேல் அதை ஆன் செய்யச் சொல்லிக் கையேட்டிலேயே போட்டிருக்கும். ஆன் செய்தால் ஃபேன் கொஞ்சம் இரைச்சலாகச் சுற்றும், அவ்வளவுதான். செய்யாவிட்டால் இருபது நிமிடத்தில் தானாக அணையும், பல்பின் ஆயுளும் குறையும். கையேடு பீரோவில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருப்பதுதான் நம் வழக்கம்.

காலையில் வந்ததும் போர்டைப் போடாதீர்கள். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கண்ணாடி, நனைந்த ஸ்வெட்டரோடு வரும் முப்பது பிள்ளைகளின் மூச்சு: பத்து நிமிடத்தில் திரை முழுக்க முத்து முத்தாக நீர் கோத்துவிடும். கண்ணுக்குத் தெரியும் நீரைத் துடைத்துவிடலாம். உள்ளே சர்க்யூட்டில் கோத்ததை என்ன செய்வது? மேல் ஜன்னலைத் திறந்து வைத்து, முதல் பாடவேளையைக் கரும்பலகையிலேயே நடத்திவிட்டு, இரண்டாவது அல்லது மூன்றாவது பாடவேளைக்குப் போடுவது சரி. கால அட்டவணையிலேயே அப்படி எழுதிவிட்டால் தினமும் யோசிக்க வேண்டாம். மாலையில் மூட பிளாஸ்டிக் கவர் கூடாது, அது ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். பழைய பருத்தி வேட்டி போதும். புரொஜெக்டர் இருக்கும் பீரோவில் ஈரத்தை உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் மணிகளை அரைக் கிலோ மெல்லிய துணியில் முடிந்து தொங்கவிடுங்கள். ஆரஞ்சு நிறம் போய்விட்டால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். இதற்கென்றே ஒதுக்கிய பழைய தட்டில் பரப்பி மிதமான சூட்டில் உலர்த்தினால் நிறம் திரும்பும். சத்துணவுப் பாத்திரத்தைத் தொடவே கூடாது. நீல நிற வகையில் நச்சான கோபால்ட் உப்பு கலந்திருக்கும், பள்ளிக்கு அது வேண்டாம்.

மின்சாரம் போனால் பேட்டரியில்தான் ஓட்ட வேண்டும், அதில் கணக்கு முக்கியம். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரியில் காகிதத்தில் இருப்பது 1,800 வாட்-மணி. பேட்டரி நீடிக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம். இன்வெர்ட்டர் தன் பங்கைத் தின்றது போகக் கைக்கு வருவது 750 சொச்சம். 65 அங்குலப் போர்டு 150 முதல் 200 வாட் இழுக்கும். அதாவது நாலு மணி நேரம். மார்கழிக் குளிரில் பேட்டரி சுணங்குவதால் மூன்று சொச்சம். அதே லைனில் சமையற்கூட மிக்ஸியையும் கொடுத்தால் இந்தக் கணக்கெல்லாம் தண்ணீரில் எழுதியதுதான். எர்த்திங் சரியில்லாத இடத்தில் தொட்டால் சுருக்கென்று இருக்கும், தொடுதலும் தாறுமாறாகும். எலக்ட்ரீஷியனை வைத்து மழைக்கு முன்பு ஒரு முறை, கோடை காய்ந்த பிறகு ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். மண் காய்ந்தால் எர்த்திங் பலவீனமாகும்.

இனி பாடம். சிக்னலை நம்பிப் பாடம் திட்டமிடுவது, மேகத்தை நம்பித் துணி காயப்போடுவது மாதிரி. பாடநூலின் கியூ.ஆர். குறியீட்டில் வரும் காணொளியாக இருந்தாலும், 2023-இல் வந்த மணற்கேணி செயலியில் உள்ள பாடமாக இருந்தாலும், முந்தின நாளே வீட்டிலிருந்து பார்த்து வைத்து, தரவிறக்க முடிந்ததைப் பென் டிரைவில் எடுத்து வாருங்கள். 480பி தரத்தில் ஐந்து நிமிடக் காணொளி 25 முதல் 30 எம்.பி. தான் வரும், திரைக்கு அது போதும். படம் வராமல் ஒலி மட்டும் வந்தால் கோப்பின் வகை போர்டுக்குப் பிடிக்கவில்லை, எச்.264 வகை எம்.பி.4-ஆக மாற்றினால் ஓடும். தமிழில் வைத்த கோப்புப் பெயர் சில போர்டுகளில் கட்டம் கட்டமாகத் தெரியும், எண் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. அப்போது ஒலியை முழுக்க அணைத்துவிடுங்கள். நான்கு நிமிடப் படத்தை மூன்று இடத்தில் நிறுத்தி, 'இப்ப என்ன நடந்துச்சு? அடுத்து என்ன ஆகும்?' என்று பிள்ளைகளையே சொல்லவிடுங்கள். மழை இல்லாத நாளிலும் இதையே செய்யலாம் என்பது என் கட்சி. காணொளியில் பேசுவது பாடநூல் தமிழ். நம் வகுப்பில் வீட்டில் படுகர் மொழியான படுகு பேசும் பிள்ளை, பணியர், காட்டுநாயக்கர், இருளர் வீட்டுப் பிள்ளை, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தின் பேரப்பிள்ளை, தேயிலைத் தோட்ட வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்தவரின் பிள்ளை என்று கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 'பால்' என்று நாம் சொல்வதை 'ஹாலு' என்று வீட்டில் சொல்லும் பிள்ளை, ஊமைப்படத்துக்கு முதலில் தன் சொல்லில் கதை சொல்லட்டும். பிறகு அதையே தமிழில் சேர்ந்து சொல்லலாம். ஒலியோடு முழுப் படத்தையும் ஓட்டினால் வகுப்பு அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கவனம் என்று நினைத்து ஏமாறுவதுதான் ஆபத்து.

போர்டின் மிகச் சிறந்த பயன் காணொளி கூட அல்ல, பிள்ளையின் நோட்டைத் திரையில் காட்டுவது. இரண்டு பக்கமும் ஒரு சாண் உயரத்துக்குப் புத்தகம் அடுக்கி, நடுவே இரண்டு அடிக்கோல்களைப் பாலம் போல் வைத்து, கேமரா கண் இடைவெளி வழியே கீழே உள்ள நோட்டைப் பார்க்கும்படி கைபேசியைப் படுக்க வையுங்கள். போர்டோடு வரும் திரைப்பகிர்வுச் செயலி பல மாடல்களில் கைபேசி ஹாட்ஸ்பாட்டிலேயே, இணையம் இல்லாமல் ஓடும். ஓடாவிட்டால் படம் எடுத்துப் பென் டிரைவில் மாற்றிக் காட்டலாம். 402-இலிருந்து 158 கழிக்கச் சொன்னால் சிலர் 356 என்று எழுதியிருப்பார்கள். இது கவனக்குறைவு அல்ல. எட்டில் இரண்டு போனால் ஆறு, ஐந்தில் சுழி போனால் ஐந்து, நான்கில் ஒன்று போனால் மூன்று: ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார்கள். அதுவும் ஒரு விதிதான், தவறான விதி. பெயரைத் தாள் துண்டால் மறைத்து அந்த நோட்டைத் திரையில் போட்டு, 'இவங்க எப்படி யோசிச்சிருப்பாங்க?' என்று கேளுங்கள். பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பிறகு அதே திரையில் ஒரு நூறை உடைத்துப் பத்துப் பத்தாக்கி, அதில் ஒரு பத்தை உடைத்து ஒன்றுகளாக்கினால் 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று என்று கண்ணுக்குத் தெரியும், விடை 244. சுழி இருக்கும் இடத்தில் ஏன் 9 வந்தது என்பதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கழித்தல் வந்துவிட்டது. அந்த நோட்டுப் படத்தை வாட்சப் குழுவில் மட்டும் போடாதீர்கள்.

எழுத்தின் அளவைக் கடைசி பெஞ்சில் நீங்களே உட்கார்ந்து பாருங்கள். 65 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 81 செ.மீ. அதன் ஆறு மடங்கு, அதாவது 16 அடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் வரைதான் வசதியாகப் படிக்க முடியும். வகுப்பறை அதைவிட நீளம் என்றால் பெஞ்சை முன்னே இழுக்க வேண்டியதுதான். தமிழ் எழுத்தில் புள்ளியும் கொம்பும் சுழியும் முதலில் மங்கும். ணகரத்தையும் னகரத்தையும் சுழியை வைத்துத்தான் பிரிக்கிறோம். ஒரு திரைக்கு ஏழெட்டு வரிக்கு மேல் வேண்டாம்.

ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் போர்டை மூன்றாவது ஆசிரியராக நினைக்கும் ஆசை வரும். எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் மலர் என்ற மேல் நிலையில் உள்ளவர்களைத் திரைப் பயிற்சியில் விடலாம். அரும்பு என்ற தொடக்க நிலைப் பிள்ளைகளைத் திரையிடம் விட்டுவிட்டு அடுத்த குழுவுக்குப் போகாதீர்கள். அவர்களுக்கு உங்கள் வாயசைவும் விரலும்தான் வேண்டும்.

சாவி விஷயம் சின்னதாகத் தோன்றும். தலைமையாசிரியர் வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குப் போனால் சாவியும் அவர் பையிலேயே போய்விடும், அன்று போர்டு இல்லை. இரண்டாவது சாவி உதவி ஆசிரியரிடம் இருக்கும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் எழுதிவிடுங்கள். போர்டுக்கு அருகே ஒரு நாற்பது பக்க நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு, தேதி, எந்தப் பாடம், எங்கே நிறுத்தினோம், முடிவில் கேட்ட ஒரு கேள்விக்கு எத்தனை பேரில் எத்தனை பேர் சொன்னார்கள், என்ன கோளாறு என்று தினமும் ஒரு வரி எழுதுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கை மேலிடம் கேட்கும். நமக்கு வேண்டியது நான்காவது விவரம். அது தொடர்ந்து பாதிக்குக் கீழே இருந்தால் அந்தக் காணொளியைத் தூக்கிவிட வேண்டும்.

கோடை விடுமுறைக்கு முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ப்ளக்கைப் பிடுங்கி வைக்க வேண்டும். ஏப்ரல், மே இடிமழையில் மின்னல் மின்கம்பி வழியாக மட்டும் வராது, இணைய ஒயர் வழியாகவும் வரும், அதையும் கழற்றுங்கள். குரங்கு உள்ளே வராதபடி மேல் ஜன்னலுக்குக் கம்பி வலை. பள்ளிக்குப் பக்கத்து ஹட்டியிலோ (படுகர் ஊர்) தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளிலோ இருக்கும் குழு உறுப்பினர் ஒருவர், வானம் வெளுத்த நாளாகப் பார்த்து, பதினைந்து நாளைக்கு ஒரு முறை வந்து அரை மணி நேரம் போர்டை ஓடவிட்டு மறுபடி கழற்றி வைக்கட்டும். அவர் பெயரையும் அந்தத் தீர்மானத்திலேயே சேர்த்துவிடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்திலேயே மழையும் வந்து நிற்கும்.