ஆயிரம் அடி கூடியது மாற்றம்தானா?

மதுரையில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் என்னிடம் வருவோரில் பலரின் மணிக்கட்டில் இப்போது நடக்கும் அடிகளை எண்ணும் ஒரு பட்டை இருக்கிறது. இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்னும் சிறு குழாய் வைத்துக்கொண்டபின் வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கும் பெரியவர் ஒருவர், ஒரே நாளில் 1,400 அடிகள் கூடியிருப்பதை மகிழ்ச்சியுடன் காட்டினார். அது அழகர் ஆற்றில் இறங்கிய நாள். மறுநாளே எண்ணிக்கை பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

இந்தப் பட்டைகள் கால்களைப் பார்ப்பதில்லை. உள்ளிருக்கும் முடுக்கமானி கையின் அசைவை மூன்று திசைகளில் அளக்கிறது; அதில் நடைக்குரிய ஒழுங்கு தென்பட்டால் மென்பொருள் அதை அடியாகக் கொள்கிறது. எனவே உட்கார்ந்து மல்லிகைச் சரம் தொடுப்பவருக்கும், மேடுபள்ளச் சாலையில் வண்டி ஓட்டுபவருக்கும் நடக்காத அடிகள் சில சேரலாம். இடுப்புக் குடத்தை அணைத்தபடி வீடு திரும்பும் பெண்ணுக்கோ, அந்தக் கை வீசப்படாததால், நடந்த அடிகளே விடுபடலாம். மெதுவாக நடப்பவர்களுக்கும் வாக்கர் பிடித்து நடப்பவர்களுக்கும் எண்ணிக்கை குறைந்தே வருகிறது. எங்களுக்கு மிகவும் தேவைப்படுவது அவர்களின் கணக்குத்தான்.

ஆகவே தொடக்கத்தில் நான் எந்த இலக்கும் தருவதில்லை. (10,000 என்ற எண்கூட 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியதே.) வழக்கமான வாழ்க்கையை மாற்றாமல், ஞாயிறு உட்பட இரண்டு வாரங்கள், அதிகம் புழங்காத கையில், நாளொன்றுக்குப் பத்து மணி நேரமாவது அணியச் சொல்கிறேன். அப்பெரியவரின் நாள் கணக்கு 3,100க்கும் 6,200க்கும் இடையே ஊசலாடியது. வாரச் சராசரிகள் 4,300, 4,600. எதையும் மாற்றாதபோதே 300 அடி முன்பின்னாகும் ஒருவருக்கு, அடுத்த மாதம் 300 கூடியதை முன்னேற்றம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஊசலாட்டத்தைத் தாண்டிய உயர்வும் நோயாளிக்குப் பயன்பட்டதா என்பது தனிக் கேள்வி. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ளவர்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வொன்று, நாளொன்றுக்கு 600 முதல் 1,100 அடி வரையிலான உயர்வைப் பொருளுள்ளதாகக் கணித்தது. இதய நோயாளிக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது.

இதற்கிடையில் அப்பெரியவரின் மகன் வேறு நிறுவனப் பட்டையொன்றை வாங்கித் தர, சராசரி திடீரென 900 உயர்ந்தது. இரண்டையும் ஒரே கையில் ஒரு வாரம் அணிந்து பார்த்தபோது அதே வித்தியாசம் தெரிந்ததால், பழையதையே தொடரச் சொன்னேன். மூன்றாம் மாதம் அந்தப் பழைய பட்டையில் வாரச் சராசரி 5,700 ஆனது. மாடிப்படியில் நடுவில் நிற்காமல் வீட்டுக்கு ஏறிவிடுவதாக அவர் சொன்னதையும் சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதினேன்.