வீட்டு வரி ரசீதும் விடுதலையும்

சில ஆண்டுகளுக்கு முன் திருப்பூர்ப் பகுதியில், ஒரு தேநீர்க் கடை வாசலில் நடந்த கைகலப்பில் இருவர் மீது வழக்குப் பதிவானது. இருவருக்கும் வயது இருபத்தைந்துக்குள். இருவர் மீதும் ஒரே சட்டப் பிரிவுகள். இருவருக்கும் முன்வழக்கு எதுவும் இல்லை. ஒருவர் பல்லடத்துப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவரின் மகன். மற்றவர் ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டத்திலிருந்து வந்து, ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவர். நீதிமன்றம் ஒரே நாளில் இருவருக்கும் ஜாமீன் வழங்கியது. ஆளுக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், அவர்கள் உள்ளூர்க்காரர்களாகவும் சொத்து உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தறிக்காரர் மகன் அன்று மாலையே வீடு திரும்பினார். ஒடிசா இளைஞர் 41 நாள் கழித்துத்தான் வெளியே வந்தார்.

அவருக்காக ஜாமீன்தாரர் தேடி அலைந்தவர்களில் நானும் ஒருவன். நீதிமன்ற வராந்தாவில் குமாஸ்தா ஒருவர், நாங்கள் கொண்டுபோன தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நடப்பு வருசத்து வீட்டு வரி ரசீது இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்த இளைஞரோடு ஒரே அறையில் தங்கியிருந்த பதினொரு பேரும் ஆதார் அட்டையை நீட்டியபடி நின்றார்கள். கையெழுத்துப் போட அத்தனை பேரும் தயார். ஆனால் அத்தனை அட்டையிலும் ஒடிசா முகவரி. அறையை வாடகைக்கு விட்டவரிடம் ரசீது இருந்தது, அவருக்கு மனம் இல்லை. ஒடியா பேசும் அந்த இளைஞரை அவர் கடைசி வரை 'இந்திக்காரப் பையன்' என்றே குறிப்பிட்டார்.

இதில் சட்டம் யாரையும் பெயர் சொல்லி ஒதுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருவருக்கும் ஒரே நிபந்தனைதான் விதிக்கப்பட்டது. ஒரே நிபந்தனையிலிருந்து ஒருவருக்கு ஒரு மாலையும் மற்றவருக்கு 41 நாளும் எப்படி விளைந்தன என்பது ஓர் இயந்திரம் வேலை செய்யும் விதத்தைப் போல விளக்கக்கூடிய ஒன்று. அறிவியலாளர்கள் அந்த இயந்திரத்தைப் பல இடங்களில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஜாமீன் என்பது ஒரு கணிப்பின் மேல் கட்டப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் ஓடிவிட்டால் அவரோ அவருக்காகக் கையெழுத்திட்டவரோ பணத்தை இழப்பார்கள், அந்த இழப்புக்கு அஞ்சி அவர் வாய்தாவுக்கு வந்து நிற்பார் என்பதே அந்தக் கணிப்பு. இழக்கச் சொத்து இருப்பவரிடம் இது ஓரளவு வேலை செய்யக்கூடும். சொத்தே இல்லாதவரிடம் இதே நிபந்தனை கதவுக்குப் போட்ட பூட்டாகிவிடுகிறது; அவர் ஓடிவிடுவாரா என்ற கேள்வியை யாரும் கேட்பதற்கு முன்பே, அவரிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி முடிவைச் சொல்லிவிடுகிறது. 1978-இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நேராகவே எதிர்கொண்டது. மத்தியப் பிரதேசத்தில் அவருக்கு 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்கப்பட்டது. அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அந்தப் பிணையும் மறுக்கப்பட்டது. ஒரு கொத்தனாரிடம் அத்தனை பெரிய தொகையைக் கேட்பதையும், மாவட்ட எல்லையைக் காட்டிப் பிணையை மறுப்பதையும் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் கடுமையாகக் கண்டித்தார். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் பிறந்தவர் எழுதிய அந்தத் தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும், பதினொரு ஒடிசா முகவரிகள் எங்கள் கண் முன்னே செல்லாமல் போயின.

அந்த 41 நாளில் என்ன நடந்தது? ஷிஃப்டுக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு வராத நாளுக்குக் கூலி இல்லை. இரண்டாம் வாரத்தில் அவருடைய மேசைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். அறையில் அவர் பங்கு வாடகையை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டார்கள். சண்டையை நேரில் பார்த்த கடைக்காரப் பையனைத் தேடிப் பிடித்துச் சாட்சி சொல்லக் கேட்க அவரால் முடியவில்லை. வெளியில் இருந்தவரால் முடிந்தது. உள்ளே இருப்பவரிடம், குற்றத்தை ஒப்புக்கொண்டால் இருந்த நாளையே தண்டனையாகக் கழித்துவிடுவார்கள் என்று யாராவது சொன்னால், அதை மறுப்பதற்கு மிகுந்த மன உறுதி வேண்டும்.

ஆனால் இதை அறிவியலாக நிறுவுவது அத்தனை எளிதன்று. சிறையில் அடைபட்டவர்களுக்கு அதிகமாகத் தண்டனை கிடைக்கிறது என்று எண்ணிக்கை காட்டினால், 'அவர்கள் உண்மையிலேயே குற்றவாளிகளாக இருந்ததால்தான் நீதிபதி உள்ளே வைத்தார்' என்று ஒருவர் பதில் சொல்லலாம். அது நியாயமான ஐயமும்கூட. இதைத் தீர்க்க ஆய்வாளர்கள் கையாண்ட வழியைப் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தைக் கொண்டு விளக்கலாம். அந்த ஆயக்கட்டை, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பை, நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். இந்த ஆண்டு ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் வருவது அந்த மண் நல்ல மண் என்பதால் அன்று. அதன் முறை வந்தது, அவ்வளவுதான். ஆகவே ஒரே மாதிரி மண் உள்ள இரண்டு மண்டலங்களில் முறை வந்த வயலின் விளைச்சலையும் வராத வயலின் விளைச்சலையும் ஒப்பிட்டால், அந்த வேறுபாடு தண்ணீரால் வந்தது என்று நம்பிக்கையோடு சொல்லலாம்.

நீதிமன்றங்களிலும் இப்படி ஒரு முறை உண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியா, மயாமி ஆகிய இரண்டு இடங்களில், ஜாமீன் விசாரணைக்கு எந்த நீதிபதி வருவார் என்பது அன்றைய பணிமுறையைப் பொறுத்தது. சிலர் கண்டிப்பானவர்கள், சிலர் தாராளமானவர்கள். ஒரே மாதிரி வழக்கோடு வந்த இருவரில் ஒருவர் கண்டிப்பானவரிடமும் மற்றவர் தாராளமானவரிடமும் நின்றால், அவர்களைப் பிரித்தது குற்றம் அன்று, கிழமை. வில் டாபி, ஜேக்கப் கோல்டின், கிரிஸ்டல் யாங் மூவரும் இதைப் பயன்படுத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு, விசாரணைக்கு முன்பே வெளியே விடப்பட்டால் குற்றவாளி என்று தீர்ப்பாகும் வாய்ப்பு ஏறக்குறைய 14 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைகிறது என்று கண்டது. அந்தக் குறைவில் பெரும்பகுதி, குற்றத்தை ஒப்புக்கொள்வது குறைந்ததால் வந்தது. வெளியே இருந்தவர்கள் பின்னர் வேலையில் சேர்வதும் கூடியது. என் பார்வையில் இந்தத் துறையின் மிகக் கனமான கண்டுபிடிப்பு இதுவே: ஜாமீன் தொகை ஒருவர் எங்கே காத்திருப்பார் என்பதோடு நிற்காமல், அவர் குற்றவாளியா என்பதையும் பாதி தீர்மானித்துவிடுகிறது.

அமெரிக்காவில் பணத்தோடு நிறமும் சேர்ந்து வேலை செய்கிறது. கலீஃப் பிரவுடர் என்ற கறுப்பின இளைஞர் 2010-இல், 16 வயதில், ஒரு முதுகுப்பையைத் திருடியதாக நியூயார்க்கில் கைது செய்யப்பட்டார். ஜாமீன் 3,000 டாலர். குடும்பத்தால் கட்ட முடியவில்லை. விசாரணையே நடக்காமல் மூன்று ஆண்டளவு ரைக்கர்ஸ் தீவுச் சிறையில், பெரும்பகுதி தனிமை அறையில் வைக்கப்பட்டார். கடைசியில் வழக்கு கைவிடப்பட்டது. வெளியே வந்த இரண்டு ஆண்டுகளில், 2015-இல், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஒரு காவலர் வண்டியை நிறுத்தும்போது ஓட்டுநரின் நிறம் அதில் பங்கு வகித்ததா என்பதை எப்படி அளப்பது? காவலரிடம் கேட்டால் இல்லை என்பார்; பெரும்பாலும் அவர் அதை உண்மையாகவே நம்புவார். ஆய்வாளர்கள் இதற்கு இருட்டைத் துணைக்கு அழைத்தார்கள். வெளிச்சத்தில் ஓட்டுநரின் நிறம் தெரியும். இருட்டிய பின் எளிதில் தெரியாது. மாலை ஏழு மணி கோடையில் பகல், குளிர்காலத்தில் இரவு. கடிகார நேரம் ஒன்றே என்பதால் சாலையில் போகிறவர்களும் ஏறக்குறைய ஒரே கூட்டம்தான். ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் குழு ஒன்று ஒன்பது கோடிக்கும் மேற்பட்ட வாகன நிறுத்தப் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவு: இருட்டிய பின் நிறுத்தப்படுகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு குறைகிறது. சாலையும் நேரமும் மாறவில்லை. முகம் தெரிவது மட்டும் நின்றது.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, நம் ஊரில் இருட்டு உதவாது என்பதுதான். சாதி முகத்தில் எழுதியிருப்பதில்லை. இனமும் சாதியும் ஒன்று அல்ல. தமிழ்நாட்டில் பெயரோடு சாதியை ஒட்டிக்கொள்ளும் வழக்கமும் பெரிதும் ஒழிந்துவிட்டது. ஆனால் கொங்குக் கிராமத்தில் ஒருவர் எந்த ஊர் என்று சொன்னதும், அடுத்து 'ஊருக்குள்ளயா, காலனியா?' என்று கேட்பார்கள். அந்த ஒரு சொல் வெளிச்சம் செய்கிற வேலையைச் செய்துவிடும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழ்நாட்டு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். அது வரவேற்கத்தக்கது; ஆனால் ஜாமீன் படிவத்தில் அந்தச் சொல் இல்லாவிட்டாலும் அதற்குப் பின்னால் இருக்கும் நிலைமை இருக்கிறது. அருந்ததியர் குடியிருப்பில் ஒருவர் கைதானால், சொத்து ஆவணத்தோடு கையெழுத்திட வல்லவர் பெரும்பாலும் அவர் வேலை செய்யும் தோட்டத்தின் உரிமையாளர். அந்த உரிமையாளரின் உறவினரோடுதான் தகராறு என்றால் கையெழுத்து கிடைக்காது. கிடைத்தாலும், அந்தக் கையெழுத்து தோட்டத்தில் உழைத்துத் தீர்க்க வேண்டிய கடனாகிவிடும். சாதி என்ற சொல்லே இல்லாத ஒரு படிவம் சாதியின்படி ஆட்களைப் பிரிக்கிறது.

2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது தீர்ப்பு இன்னும் வராதவர்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 16.6 விழுக்காடு. சிறைக்குள் போன பிறகும் பிரிவினை தொடர்ந்தது. பல மாநிலச் சிறை விதிகள் துப்புரவு வேலையையும் சமையல் வேலையையும் சாதி பார்த்துப் பங்கிட்டன. அவற்றை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது 2024 அக்டோபர் 3 அன்றுதான். அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து 74 ஆண்டுகளுக்குப் பிறகு.

பழைய பதிவுகள் புதிய தீர்ப்புகளுக்குள் நுழையும் விதத்தையும் சொல்ல வேண்டும். 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையே பிறப்பால் குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சட்டம் ஒழிந்தாலும் சந்தேகம் ஒழியவில்லை. திருட்டு நடந்தால் முதலில் குறவர் குடியிருப்புக்குப் போகும் காவலர், அங்கே யாரையாவது பிடித்து வருகிறார். அந்தக் கைது ஒரு பதிவாகிறது. அடுத்த முறை அந்தப் பதிவே அங்கே போகக் காரணமாகிறது. இதே சுழல் கணினிக்குள்ளும் உண்டு. அமெரிக்க நீதிமன்றங்கள் பயன்படுத்தும் காம்பஸ் என்ற மென்பொருள், ஒருவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்பதற்கு மதிப்பெண் தருகிறது. அதில் இனம் பற்றிய கேள்வி இல்லை. ஆயினும் 2016-இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் புளோரிடாவின் பிரவார்டு மாவட்டத் தரவுகளைச் சோதித்தபோது, பின்னர் எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பினத்தவரில் 44.9 விழுக்காட்டினரை அது அபாயமானவர்கள் என்று தவறாகக் குறித்திருந்தது. வெள்ளையரில் அந்தத் தவறு 23.5 விழுக்காடு.

இத்தனைக்கும் அடிப்படையான கணிப்பு, பிணை இல்லாதவர் ஓடிவிடுவார் என்பது, உண்மைதானா? நியூயார்க் நகரில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு வாய்தாவுக்கு முன் கைப்பேசிக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்தது. வராமல் போனவர்களின் எண்ணிக்கை 21 விழுக்காடு குறைந்தது. அழைப்பாணைப் படிவத்தில் தேதியும் இடமும் தெளிவாகத் தெரியும்படி மாற்றியதில் மட்டும் 13 விழுக்காடு குறைந்தது. ஓடிப்போனவர்கள் என்று கருதப்பட்டவர்களில் கணிசமானோர் தேதியை மறந்தவர்கள், அல்லது தாளைப் புரிந்துகொள்ளாதவர்கள். தமிழில் எழுதிய தாளைக் கையில் பிடித்திருக்கும் ஒடியாக்காரருக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் சட்டத்தில் வழிகள் இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்சத் தண்டனையின் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணைமுறியில் விடச் சொல்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், காவலில் இருப்பவருக்கும் தொழிலாளருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞரைத் தருகிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். எங்கள் இளைஞருக்கு இரண்டு வகையில் அந்த உரிமை இருந்தது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எங்களுக்கும் முப்பதாம் நாளுக்கு மேல்தான் தெரிந்தது. அதன் பிறகு வந்த சட்ட உதவி வழக்கறிஞர் நிபந்தனையைத் தளர்த்த மனுப் போட்டார். பத்து நிமிட விசாரணை. ஜாமீன்தாரர் இல்லாமல் அவர் கையெழுத்திலேயே விடுவித்தார்கள்.

வேலை போனதால் அவர் ஊர் திரும்பிவிட்டார். வழக்கு முடிய மேலும் இரண்டு ஆண்டு ஆனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் தன்பாத்–ஆலப்புழா விரைவு வண்டியில் முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றும் உட்கார்ந்தும் வந்து, விடியற்காலையில் திருப்பூரில் இறங்கி, பேருந்து நிலையத்தில் முகம் கழுவிக்கொண்டு, நீதிமன்றக் கதவு திறக்கும் முன்பே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். ஒரு வாய்தாகூட அவர் தவறவில்லை. உள்ளூரில் இருந்த மற்றவருக்காக, வர இயலவில்லை என்று வழக்கறிஞர் மூன்று முறை மனுக் கொடுத்தார், மூன்றும் ஏற்கப்பட்டன.