சிவிலைசேஷன் 6: முதல் நூறு டர்னின் நகரக் கணக்கு

நகரங்களை நிறுவி நாட்டை வளர்க்கும் கணினி உத்தி விளையாட்டான சிவிலைசேஷன் 6-ஐ ஆடத் தொடங்குபவர்களில் பலர் தலைநகரைப் பொத்திப் பொத்தி வளர்க்கிறார்கள். அதற்கு ஒரு வொண்டர் (உலக அதிசயம்), இன்னொரு கட்டடம், இன்னும் கொஞ்சம் மக்கள்தொகை என்று போகும். 70வது டர்னில் (ஆட்டச் சுற்றில்) உலகப்படத்தை விரித்துப் பார்த்தால் நம்மிடம் இரண்டு நகரங்கள், பக்கத்து நாட்டிடம் ஆறு. அதன் பிறகு அறிவியலிலும் படையிலும் பின்தங்கியபடியேதான் மீதி ஆட்டம் நகரும். இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. இந்த விளையாட்டின் விதிகளில், ஒரு நகரத்தைப் பெரிதாக்குவதைவிடப் புதிதாக இன்னொன்றை நிறுவுவது மலிவு. எவ்வளவு மலிவு என்பதை எண்களே காட்டிவிடும். கீழே வருபவை ஸ்டாண்டர்டு என்ற இயல்பான ஆட்ட வேகத்துக்கான கணக்குகள்.

ஒவ்வொரு குடிமகனும் டர்னுக்கு 2 உணவு சாப்பிடுகிறார். அதற்கு மேல் மிஞ்சும் உணவு சேர்ந்துகொண்டே வந்து, போதுமான அளவை எட்டியதும் மக்கள்தொகை ஒன்று கூடும். 1-லிருந்து 2 ஆக 15 உணவு போதும். 2-லிருந்து 3 ஆக 24, அடுத்து 33, பிறகு 44, 55, 66. மேலே போகப் போக ஒவ்வொரு படியும் உயரமாகிறது. வளர்ச்சி இப்படி விலையேறும்போது அதற்குக் கிடைக்கும் பலனும் ஏறுகிறதா என்றால், இல்லை. அறிவியலுக்கான கேம்பஸ், வணிகத்துக்கான கமர்ஷியல் ஹப் போன்ற சிறப்பு டிஸ்ட்ரிக்டுகள், அதாவது நகரத்தின் தனித் துறைப் பகுதிகள்தான் பேரரசின் முதுகெலும்பு. மக்கள்தொகை 1 இருந்தாலே ஒரு டிஸ்ட்ரிக்ட் கட்டலாம். இரண்டாவதுக்கு 4 பேர், மூன்றாவதுக்கு 7, நான்காவதுக்கு 10 பேர் வேண்டும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஒரே நகரத்தை 10 பேராக வளர்க்க மொத்தம் 504 உணவு மிஞ்ச வேண்டும். கிடைப்பது நான்கு டிஸ்ட்ரிக்ட். நான்கு நகரங்களைத் தலா 4 பேராக வளர்க்க நகரத்துக்கு 72 வீதம் 288 உணவு போதும். கிடைப்பது எட்டு டிஸ்ட்ரிக்ட். இன்னொரு விதி இதை மேலும் சாய்க்கிறது: ஒரு நகரத்தில் ஒரே வகைச் சிறப்பு டிஸ்ட்ரிக்ட் ஒன்றுதான் இருக்கலாம். நான்கு கேம்பஸ் வேண்டுமென்றால் நான்கு நகரங்கள் இருந்தே ஆக வேண்டும், தலைநகரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

அமெனிட்டி (குடிமக்களைத் திருப்தியாக வைக்கும் வசதி) கணக்கும் இதே பக்கம்தான் நிற்கிறது. முதல் இரண்டு பேருக்கு அமெனிட்டி தேவையில்லை, அதன்பின் இரண்டு பேருக்கு ஒன்று. 10 பேர் உள்ள நகரம் 4 கேட்கும், 4 பேர் உள்ள நகரம் 1 கேட்கும். ஒரு லக்சுரி பொருளை மேம்படுத்தினால் அது நான்கு நகரங்களுக்குத் தலா ஒரு அமெனிட்டி தருகிறது. ஆக, ஒரே ஒரு ஒயினோ பட்டோ நான்கு சிறு நகரங்களை மொத்தமாகத் திருப்திப்படுத்திவிடும்.

இந்தப் பரவலுக்கான விலைதான் செட்லர், அதாவது புதிய நகரத்தை நிறுவப் போகும் குடியேறி. முதலாவது 80 உற்பத்தி, அதன்பின் ஒவ்வொன்றும் 30 கூடுதல்: 110, 140, 170. கூடவே, உருவாக்கும் நகரத்திலிருந்து ஒருவர் குறைவார், ஆகவே அங்கே குறைந்தது 2 பேராவது இருக்க வேண்டும். விதைநெல்லை எடுத்து வைப்பது போன்ற செலவு இது. இன்றைய சாப்பாட்டில் கொஞ்சம் குறையும், எப்போது திரும்பி வரும் என்பதுதான் கேள்வி.

சாதாரணச் சமவெளியில் நிறுவிய நகரத்தை எடுத்துக்கொள்வோம். நகரம் அமர்ந்திருக்கும் மையக் கட்டம் (வரைபடத்தின் ஓர் அறுகோணம்) 2 உணவும் 1 உற்பத்தியும் தரும். பக்கத்தில் காடடர்ந்த புல்வெளிக் குன்று இருந்தால் அதில் வேலை செய்யும் முதல் ஆள் 2 உணவு, 2 உற்பத்தி தருவார். ஒருவர் சாப்பிட்டது போக 2 உணவு மிஞ்சும், உற்பத்தி 3. எட்டு டர்னில் இரண்டாவது ஆள் வந்துவிடுவார். அவரும் அதே மாதிரிக் கட்டத்தில் வேலை செய்தால் உற்பத்தி 5. அடுத்த 12 டர்னில் மூன்றாமவர். இந்த 20 டர்னில் வந்த உற்பத்தி 24-உம் 60-உம் சேர்த்து 84. முதல் செட்லருக்குப் போட்ட 80 இங்கேயே திரும்பிவிட்டது, மேம்பாடு எதுவும் செய்யாமலேயே. 25வது டர்னில் நிறுவிய நகரம் 45-இல் கடனை அடைத்துவிட்டு மீதி ஆட்டம் முழுக்க லாபமாக ஓடும். 120வது டர்னில், அதுவும் 300-க்கு மேல் விலை ஏறிய செட்லரால் நிறுவினால், போட்ட முதலீடு மீள்வதற்குள் ஆட்டத்தின் போக்கு பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

ஆகவே முதல் செட்லர் எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறது என்பது முக்கியம். இங்கே தலைநகரின் இடம் பேசும். சமதளத்தில் நிறுவினால் மையக் கட்டத்தில் உற்பத்தி 1, உலர்புல் (பிளெயின்ஸ்) குன்றின் மேல் நிறுவினால் 2. அரண்மனை தரும் 2-உம், முதல் ஆள் வேலை செய்யும் கட்டத்தின் 2-உம் சேர்ந்து டர்னுக்கு 6 வரும். அப்படிப்பட்ட குன்று ஒரு டர்ன் தொலைவில் தெரிந்தால் நடந்து போய் நிறுவலாம். மூன்று, நான்கு டர்ன் அலைவது வீண்.

6 உற்பத்தியுடன் தொடங்கும் தலைநகரின் ஓட்டம் இப்படிப் போகும். முதலில் ஸ்கவுட் (சுற்றிலும் நிலத்தைத் தேடிப் பார்ப்பவர்), 30 உற்பத்தி, 5வது டர்னில் தயார். அடுத்து ஸ்லிங்கர் (கவண் வீரர்), 35. இதற்கிடையே 8வது டர்னில் மக்கள்தொகை 2 ஆகி உற்பத்தி 8-க்கு ஏறும், ஸ்லிங்கர் 11-இல் முடியும். உடனே செட்லர். அது 21வது டர்னில் வெளியே வரும். 20வது டர்னில் தலைநகரம் 3 பேரை எட்டியிருக்கும் என்பதைக் கவனியுங்கள். செட்லர் போனாலும் இரண்டு பேர் மிஞ்சுவார்கள், உற்பத்தி 8-க்குக் கீழே போகாது. செட்லர் முடிவதையும் வளர்ச்சியையும் இப்படி ஒரே நேரத்தில் கொண்டுவருவதுதான் தொடக்க ஆட்டத்தின் முக்கியமான கைத்திறன். வளர்ச்சி நான்கு டர்ன் பின்தங்கியிருந்தால், ஒரு உற்பத்திக் கட்டத்திலிருந்து ஆளை எடுத்து உணவுக் கட்டத்தில் வைத்துச் சரிசெய்யலாம். ஸ்கவுட்டைத் தவிர்த்துவிட்டு நேராக செட்லரில் இறங்குவோரும் உண்டு. 2 பேர் ஆவதற்குள் அதைத் தொடங்கவே முடியாது என்பதால் அதில் பெரிய ஆதாயம் இல்லை, நல்ல இடம் எங்கே என்பதும் தெரியாமல் போகும்.

பண்பாட்டைச் செலவிட்டுக் கற்கும் சிவிக்குகளில் ஒன்றான எர்லி எம்பயர் கிடைத்ததும் காலனைசேஷன் என்ற அரசாங்கக் கொள்கைக் கார்டு வரும். செட்லருக்குப் போகும் உற்பத்தியில் 50 சதவீதம் கூடுதல். தொடக்க அரசாங்கத்தில் பொருளாதாரக் கார்டுக்கு ஒரே இடம்தான், அங்கே ஏற்கெனவே எல்லா நகரங்களுக்கும் தலா 1 உற்பத்தி தரும் அர்பன் பிளானிங் உட்கார்ந்திருக்கும். எதை வைப்பது? மூன்று நகரங்கள் இருந்தால் அர்பன் பிளானிங் தருவது 3. 10 உற்பத்தியுள்ள தலைநகரம் மட்டும் செட்லர் செய்தால் காலனைசேஷன் தருவது 5, இன்னொரு நகரமும் 6 உற்பத்தியுடன் சேர்ந்துகொண்டால் 8. செட்லர் செய்யாத டர்னில் தருவது பூஜ்யம். ஆகவே கார்டு வந்தபின் செட்லர்களை ஒரே தொகுப்பாகச் செய்து முடித்துவிட்டு, அடுத்த சிவிக் முடியும்போது கட்டணமின்றி மாற்றிக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் பண்பாடு டர்னுக்கு ஒன்றரை, இரண்டு என்றுதான் வரும் என்பதால் எர்லி எம்பயர் மெதுவாகவே வந்து சேரும். நாட்டின் மொத்த மக்கள்தொகை 6 ஆனால் அதன் செலவில் 40 சதவீதம் கழியும். செட்லர் கிளம்பும்போது குறையும் ஒருவர் புதிய நகரத்தில் மறுபடி எண்ணிக்கையில் சேர்ந்துவிடுவதால், பரவினால் இந்த 6 கெடும் என்ற பயம் வேண்டாம். கார்டுக்காக முதல் செட்லரைத் தள்ளிப்போடுவது மட்டும் கூடவே கூடாது. 80-இல் மிச்சமாவது 27 உற்பத்தி, இழப்பதோ ஒரு நகரத்தின் இருபது முப்பது டர்ன்.

கார்டு இல்லாத வழிகளும் இருக்கின்றன. மேக்னஸ் என்ற ஆளுநருக்கு ப்ரொவிஷன் என்ற பதவி உயர்வு கொடுத்தால், அவர் இருக்கும் நகரத்தில் செட்லர் செய்தாலும் மக்கள்தொகை குறையாது. காட்டை வெட்டினால் தொடக்க காலத்தில் ஏறக்குறைய 20 உற்பத்தி ஒரே டர்னில் விழும், மேக்னஸ் இருக்கும் நகரத்தில் அது ஒன்றரை மடங்கு. தங்கத்தில் வாங்க உற்பத்தியைப் போல நான்கு மடங்கு விலை, முதல் செட்லருக்கு 320. 25 ஃபெய்த் (சமயப் புள்ளி) சேர்ந்து பாந்தியன் என்ற ஆரம்ப நம்பிக்கையை எடுக்கும்போது, அதில் ரிலீஜியஸ் செட்டில்மென்ட்ஸ் என்ற தேர்வு யாரும் எடுக்காமல் மிஞ்சியிருந்தால் ஒரு செட்லர் இலவசம்.

எங்கே நிறுவுவது என்பதில் தண்ணீர்தான் முதல் கேள்வி. ஆறு, ஏரி, ஓயாசிஸ் பக்கம் என்றால் வீட்டுவசதி 5, கடலோரம் 3, எதுவுமில்லாத இடம் 2. வீட்டுவசதிக்கும் மக்கள்தொகைக்கும் இடைவெளி ஒன்றாகச் சுருங்கியதுமே வளர்ச்சி பாதியாகும், இரண்டும் சமமானால் கால்வாசி. அதாவது வறண்ட இடத்து நகரம் முதல் ஆளிலேயே பாதி வேகத்தில் ஊரும், ஆற்றோர நகரம் மூன்று பேர் வரை முழு வேகத்தில் ஓடும். 65 உற்பத்தியில் கிரேனரி (களஞ்சியம்) கட்டினால் 2 கூடும் என்றாலும் மூன்று உற்பத்தியுள்ள குட்டி நகரத்துக்கு அது இருபது டர்னுக்கு மேற்பட்ட வேலை. செட்லரைத் தேர்ந்தெடுத்தால் திரையில் விழும் நிறங்கள் இதைத்தான் சொல்கின்றன: அடர்பச்சையை முதலில் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி நெருக்கம். இரு மையங்களுக்கிடையே மூன்று கட்டங்கள் விட வேண்டும், அதுதான் குறைந்தபட்ச விதி. ஒரு நகரம் மூன்று கட்டத் தொலைவு வரை வேலை செய்யலாம் என்பதால், ஒன்றின் எல்லை இன்னொன்றில் படக் கூடாதென்று ஏழெட்டுக் கட்டங்கள் தள்ளி வைப்பவர்கள் உண்டு. அது வீண் தாராளம். 36 கட்டங்களிலும் ஆள் போடும் அளவுக்கு எந்த நகரமும் வளரப்போவதில்லை. நான்கு, ஐந்து கட்ட இடைவெளியில் நெருக்கமாக வைத்தால் நகரங்கள் கூடும், காவலும் எளிது.

எந்த இடத்தை முதலில் பிடிப்பது என்பதற்கு ஒரு தெளிவான விடை உண்டு: எதிராளியும் கண் வைத்திருக்கும் இடத்தை. நம் முதுகுப்புறத்தில் கடல் சூழ்ந்த நிலம் 60வது டர்னிலும் காலியாகவே இருக்கும். இரு நாடுகளுக்கு நடுவே உள்ள ஆற்றங்கரை 30-ஐத் தாண்டாது. டீட்டி என்ற மிகக் கடினமான நிலையில் கணினி நாடுகள் மூன்று செட்லர்களோடு தொடங்குவதால் அது இன்னும் சீக்கிரம் போய்விடும். ஆனால் 2018-இல் வந்த ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது, 2019-இன் கேதரிங் ஸ்டார்மிலும் அது தொடர்கிறது. ஒவ்வொரு குடிமகனும் ஒன்பது கட்டத் தொலைவு வரை தன் நாட்டுக்கான விசுவாச அழுத்தத்தைச் செலுத்துகிறார், கட்டத்துக்குப் பத்து சதவீதம் குறைந்துகொண்டே. நான்கு கட்டத் தொலைவில் இருக்கும் ஐந்து பேர் மூன்று பேருக்குச் சமம். எதிரியின் தலைநகருக்கு அருகே, நம் நகரங்களிலிருந்து எட்டுக் கட்டம் தள்ளி ஒற்றையாய் நிறுவிய நகரத்தின் விசுவாசம் டர்னுக்கு 10 சரிந்தால், பத்தே டர்னில் 100-உம் கரைந்து கலகம் வெடிக்கும். ஆளுநரை அனுப்பினால் டர்னுக்கு 8 கூடும், ஆனால் பெரும்பாலானவர்கள் பதவியில் அமரவே 5 டர்ன் எடுப்பார்கள். எல்லையை நோக்கி நகர்வதென்றால் சங்கிலியாக நகர வேண்டும், தாண்டிக் குதிக்கக் கூடாது.

தொடக்கப் பரவலைக் கெடுப்பதில் முதலிடம் காட்டுமிராண்டிகளுக்குத்தான். அவர்களின் ஸ்கவுட் நம் நகரத்தைக் கண்டுவிட்டால் தலைக்கு மேல் ஆச்சரியக்குறி தோன்றும். அது தன் முகாமுக்குத் திரும்பிச் சேர்ந்ததும்தான் படை கிளம்பும், முகாம் அருகே குதிரைகள் இருந்தால் குதிரைப்படையாகவே வரும். ஆகவே அந்த ஸ்கவுட்டை வழியிலேயே மடக்குவது அந்த நேரத்தில் வேறெந்த வேலையையும்விட முக்கியம். பார்வையில் இருக்கும் கட்டத்தில் முகாம் முளைக்காது என்பதால், செட்லர் போகப்போகும் திசையில் ஒரு குன்றின் மேல் வாரியரை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. செட்லரையும் வாரியரையும் ஒரே அணியாக இணைத்து நடத்தலாம், இரண்டுக்கும் நகர்வு 2-தான். தனியாக அனுப்பிப் பறிகொடுத்தால் போவது 80 உற்பத்தி மட்டுமல்ல, ஒரு குடிமகனும், இருபது டர்னும், அடுத்த செட்லருக்கான கூடுதல் 30-உம்.

இன்னொரு சிக்கல் சத்தமில்லாமல் வரும். நகரங்கள் எட்டு இருக்கும், எதிலும் எதுவும் இருக்காது. டிஸ்ட்ரிக்ட்டின் விலை 54-இல் தொடங்கி, நாம் கற்கும் தொழில்நுட்பங்களும் சிவிக்குகளும் கூடக் கூட ஏறும். ஆனால் இடத்தைக் குறித்து வைத்த கணத்தில் அந்த விலை உறைந்துவிடும். புது நகரத்தில் முதல் டர்னிலேயே கேம்பஸுக்கு இடம் குறித்து வைத்துவிட்டு, மானுமென்டோ பில்டரோ செய்யப் போகலாம், ஐம்பது டர்ன் கழித்து வந்தாலும் பழைய விலைதான். புது நகரத்திலிருந்து தலைநகருக்கு ஒரு டிரேடரை அனுப்பினால் உணவும் உற்பத்தியும் வரும், பாதையும் தானாகப் போடப்படும்.

இதையெல்லாம் அப்படியே வேறொரு விளையாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 1991-இல் வந்த முதல் சிவிலைசேஷனில் குட்டி நகரங்களைத் தெளித்துக்கொண்டே போவது பெரும் பலன் தந்தது, பின்னால் வந்த ஒவ்வொரு பதிப்பும் அதற்கு வெவ்வேறு தடை வைத்தது. நான்காவதில் நகர எண்ணிக்கைக்கும் தலைநகரிலிருந்து தொலைவுக்கும் ஏற்பப் பராமரிப்புச் செலவு ஏறும், அவசரப்பட்டால் அறிவியலுக்குக் காசே மிஞ்சாது. ஐந்தாவதில் ஒவ்வொரு நகரமும் நாட்டின் மகிழ்ச்சியில் 3-ஐத் தின்னும், பிரேவ் நியூ வேர்ல்டு விரிவாக்கத்தில் அறிவியல் செலவையும் 5 சதவீதம் கூட்டும், அதனால் அங்கே நான்கு நகரங்களோடு நிறுத்துவது நல்ல உத்தி. 2025-இல் வந்த ஏழாவது, குடியிருப்புகளுக்கு நேரடியாகவே ஒரு வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் மகிழ்ச்சியைக் குறைக்கிறது.

ஆறாவதில் அப்படி நகரத்துக்கு நகரம் நிற்கும் அபராதம் எதுவும் இல்லை, தடை செட்லரின் விலையிலேயே இருக்கிறது. பத்தாவது செட்லர் 350 உற்பத்தி. பழகிய ஆட்டக்காரர்கள் 100வது டர்னுக்குள் பத்து நகரங்கள் என்பதைக் குறியாக வைப்பதுண்டு, இடமிருந்தால் அது எட்டக்கூடியதே. அதன்பின் ஒவ்வொரு செட்லரையும் தனித்தனியாக எடைபோட வேண்டும்: நைட்டர் (வெடியுப்பு), நிலக்கரி, எண்ணெய் போன்ற கட்டாயம் தேவைப்படும் வளமுள்ள இடமா, இதுவரை இல்லாத லக்சுரியா, மலைகள் சூழ்ந்து கேம்பஸுக்கு நிறையக் கூடுதல் தரும் மூலையா என்று. இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் அந்த 350-ஐ ஏற்கெனவே இருக்கும் நகரங்களின் நூலகங்களிலும் சந்தைகளிலும் போடுவது அதிகப் பலன் தரும்.