சூழிசை: ஒரு சொல் விளக்கம்

இணையவழித் தொடர்களுக்குத் தமிழில் எழுதப்படும் சப்டைட்டில்களில், திரையில் யாரும் பேசாத இடங்களில், பகர அடைப்புக்குள் "வளிமண்டல இசை ஒலிக்கிறது" என்ற வரி அடிக்கடி வருகிறது. எப்போதோ ஒருமுறை வந்தால் கைத்தவறு என்று கடந்துபோகலாம். இப்போது அது சப்டைட்டிலைத் தாண்டித் திரைப்பட விமர்சனங்களிலும், பாளையங்கோட்டையில் நடக்கும் திரையிடல்களில் படத்தை அறிமுகப்படுத்திப் பேசுகிறவர்களின் வாயிலும் புழங்கத் தொடங்கிவிட்டது. அண்மையில் ஒருவர் ஒரே பேச்சில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்ட பிறகு, 'வளிமண்டல இசை' பிழையான ஆக்கம், 'சூழிசை' என்பதே பொருந்தும் என்று இனியும் எழுதாமல் இருப்பது முறையல்ல என்று தோன்றியது.

தன்னைக் கவனிக்கச் சொல்லாமல் இடத்தைச் சூழ்ந்து ஒலிக்கும் இவ்வகை இசைக்கு ஆங்கிலத்தில் ஆம்பியன்ட் மியூசிக், அட்மாஸ்ஃபெரிக் மியூசிக் என்ற இரண்டு பெயர்கள் ஏறத்தாழ ஒட்டியே வழங்குகின்றன. முதலாவது, 'சுற்றிச் செல்' என்று பொருள்படும் ஆம்பிரே என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. இரண்டாவது, ஆவியைக் குறிக்கும் அட்மாஸ், உருண்டையைக் குறிக்கும் ஸ்ஃபைரா என்ற கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 17-ஆம் நூற்றாண்டில் அறிவியலுக்காக ஆக்கப்பட்டது. ஓரிடத்தின் உணர்வுநிலை என்ற பொருள் பின்னாளில் அதன்மேல் ஏறியது. சொற்பிறப்பு பற்றி இவ்வளவு போதும். பெயர் சூட்டுவதற்கு முன் பொருளைப் பார்ப்பதுதான் முக்கியம்.

1920-இல் பாரிஸில் எரிக் சாட்டி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், அறையிலுள்ள மேசை நாற்காலியைப் போல் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஓர் இசையை அமைத்து, அவையோரைக் கவனித்துக் கேட்க வேண்டாம், பேசிக்கொண்டிருங்கள் என்று வேண்டினார். 1978-இல் ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ, விமான நிலையங்களுக்காக அமைத்த இசைத்தொகுப்பின் உறைக் குறிப்பில், இவ்விசை கேட்பவரின் பலவிதக் கவனத்துக்கும் இடம் தர வேண்டும், எதையும் வற்புறுத்தக் கூடாது என்று எழுதி, ஆம்பியன்ட் என்ற பெயரை நிலைநிறுத்தினார். ராக் குழுவில் வாசித்துப் புகழ்பெற்ற அவரே 1983-இல் நிலவுப் பயணம் பற்றிய ஆவணப்படத்துக்கான இசையைத் தொகுப்பாக வெளியிட்டார். அதன் பிறகு இத்துறைக்கு வந்தவர்களில் பலர் திரையிசைக் கூடங்களில் வளர்ந்தவர்கள் அல்லர். மேடைக் குழுக்களில் மின்கித்தாரோடும் சிந்தசைசரோடும் வளர்ந்தவர்கள். 1995-இல் 'டெட் மேன்' படத்துக்கு நீல் யங், ஓடுகின்ற படத்தைப் பார்த்தபடியே மின்கித்தாரை வாசித்துக்கொண்டு போனார். ரேடியோஹெட் குழுவின் ஜானி கிரீன்வுட் 2007-இல் 'தேர் வில் பி பிளட்' படத்துக்கு இசையமைத்தார். நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் டிரென்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸுடன் சேர்ந்து 'தி சோஷியல் நெட்வொர்க்' படத்துக்கு அமைத்த இசை 2011-இல் ஆஸ்கர் பெற்றது. ஸ்காட்லாந்தின் மொக்வாய் குழுவோ, 2012-இல் வந்த ஒரு பிரெஞ்சுத் தொலைக்காட்சித் தொடருக்கு, காட்சி எதையும் பார்க்காமல் கதையை மட்டும் படித்துவிட்டு, படப்பிடிப்புக்கு முன்பே இசையமைக்கத் தொடங்கியது.

இவற்றுள் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 2019-இல் வெளியான 'செர்னோபில்' தொடருக்கு இசையமைத்தவர் ஐஸ்லாந்தைச் சேர்ந்த செல்லோ கலைஞர் ஹில்டர் குட்னடோட்டிர். லித்துவேனியாவில் இக்னலினா என்ற இடத்தில் மூடப்பட்டுவிட்ட அணுமின் நிலையம் ஒன்று இருக்கிறது. செர்னோபிலில் வெடித்த அதே வகை உலைகள் இயங்கிய நிலையம் அது. அவர் தம் குழுவினருடன் அதற்குள் சென்று கதவுகள், எந்திரங்கள், வெற்றுக்கூடங்கள் ஆகியவற்றின் ஒலியைப் பதிவுசெய்து, அந்த ஒலிகளையும் தம் குரலையும் கொண்டே தொடரின் இசையை உருவாக்கினார். அந்தத் தொடரில் கதவு எது, இசை எது என்று கேட்பவரால் பிரித்துச் சொல்ல முடியாது. காட்சிக்குப் பின்னால் இசை நிற்கவில்லை. காட்சியின் நான்கு பக்கமும் இசைதான் இருக்கிறது.

இதைத்தான் 'வளிமண்டல இசை' என்கிறார்கள்.

வளி என்ற சொல்லின்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நிலம், தீ, நீர், வளி, விசும்பு என்று ஐம்பூதங்களைத் தொல்காப்பியம் எண்ணுகிற வரிசையிலேயே அது நிற்கிறது. தமிழின் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. வளிமண்டலம் என்ற ஆக்கமும் புவியியலுக்கு மிகப் பொருத்தமானது. பூமியைச் சூழ்ந்த காற்றுறையைக் குறிக்க அதைவிடத் தெளிவான சொல் நமக்குத் தேவையில்லை. கேடு அந்தச் சொல்லில் இல்லை, அதை எடுத்துவந்து வைத்த இடத்தில் இருக்கிறது. அட்மாஸ்ஃபியர் என்ற ஆங்கிலச் சொல் இரண்டு பொருள் சுமக்கிறது. நம் வளிமண்டலம் ஒரு பொருளைத்தான் சுமக்கிறது. 'கல்யாண வீட்டின் வளிமண்டலம் மகிழ்ச்சியாக இருந்தது' என்று தமிழில் யாரும் சொன்னதில்லை, சொன்னால் பிறர்க்குப் புரியப்போவதும் இல்லை. ஆங்கிலச் சொல்லின்மேல் ஏறிய உருவகம் அந்த மொழிக்காரர்கள் இருநூறு ஆண்டுகளாகப் பழகி ஏற்றியது. அகராதியில் முதல் பொருளை எடுத்து எழுதிவிட்டால் அந்த உருவகமும் கூடவே வந்துவிடும் என்று நினைப்பது பெரும்பிழை.

இந்தச் சொல் எங்கள் ஊர்ப் பக்கத்தில் என்னவாகக் கேட்கும் என்பதையும் பார்க்க வேண்டும். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாதம், பித்தம், கபம் மூன்றையும் குறிக்கும் வளி, அழல், ஐயம் என்பவை அங்கே அன்றாடம் புழங்குகிற சொற்கள். வளி என்றால் வாதம், மூட்டைப் பிடிக்கும் நோய்க்கு முதல். வள்ளுவரும் மருந்து அதிகாரத்தில் 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்று அந்தப் பொருளில்தான் வைத்தார். இசை படித்தவர்க்கோ வளி என்றதும் துளைக்கருவி நினைவுக்கு வரும். நாதசுவரமும் குழலும் காற்றால் இசைப்பவை அல்லவா? மாணவர் ஒருவர் 'வளிமண்டல இசை' என்பதை ஊதுகருவிகளின் இசை என்றே புரிந்துகொண்டு, படத்தில் ஓர் ஊதுகருவியும் இல்லையே என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை.

இதைவிட வருத்தமான ஒன்று உண்டு. அந்த அடைப்புக்குறி வரி யாருக்காக எழுதப்படுகிறது? காது கேட்கிறவர்க்கு அது வேண்டியதே இல்லை. செவிப்புலன் இல்லாதவர்களுக்காகவும், வயதில் செவி மங்கியவர்களுக்காகவுமே அதை எழுதுகிறார்கள். என் பெரியம்மாவுக்குச் செவி மங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. தொடர்களை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தே பார்க்கிறார். ஒருநாள் அந்த வரி வந்தபோது திரையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "காத்து எங்கய்யா அடிக்கி? ஒரு எல கூட ஆடலியே" என்றார். மற்றவர்க்கு இசையும் இருக்கிறது, சொல்லும் இருக்கிறது. அவருக்கு அந்தச் சொல் ஒன்றே இசை. அதைப் பிழையாக எழுதினால் அவருக்கு இசையே போய்விடுகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இதை ஒரு நொடி எண்ணிப் பார்த்திருந்தால் அகராதியின் முதல் வரியோடு நின்றிருக்க மாட்டார்கள். விரைவாகவும் மலிவாகவும் வேலை முடிய வேண்டும் என்று நெருக்குகிற நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை அறிவேன்; ஆனாலும் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதற்குப் பெரும்பொழுது ஆகாது.

வேறு சில மாற்றுகளும் புழக்கத்தில் இருக்கின்றன. 'பின்னணி இசை' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கிவிடலாம் என்பார்கள். பின்னணி இசை நல்ல சொல். நம் திரையுலகில் ஆர்.ஆர். என்றும் பி.ஜி.எம். என்றும் சொல்லப்படுவதற்கு அது சரியான தமிழ், அங்கேயே இருக்கட்டும். ஆனால் அது இசையின் வேலையைக் குறிக்கிறது, வகையைக் குறிக்கவில்லை. சண்டைக் காட்சியில் முழங்கும் தவிலும் பின்னணி இசைதான். மேலே சொன்ன அணுமின் நிலையத்து முனகலும் பின்னணி இசைதான். இரண்டையும் வேறுபடுத்த வேண்டிய இடத்தில் அந்தச் சொல் உதவாது. 'சுற்றுப்புற இசை' என்பது எந்திர மொழிபெயர்ப்பின் வாடை அடிப்பது. சுற்றுப்புறம் என்றால் தெருவும் சாக்கடையும் தூய்மைப் பணியுமே நமக்கு நினைவுக்கு வரும்.

'சூழலிசை' என்பது கருதத்தக்க போட்டி. அதை எழுதுகிறவர்கள் சிந்தித்தே எழுதுகிறார்கள். என் மறுப்பு ஒன்றுதான். சூழலியல், சூழல் மாசு, சூழல் ஆர்வலர் என்று கடந்த பல ஆண்டுகளில் 'சூழல்' இயற்கைச் சுற்றுச்சூழலுக்கே பெரிதும் உரியதாகிவிட்டது. தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பதைக் கண்டித்துப் பாடுகிற பாட்டைச் சூழலிசை என்றால் அது இயல்பாக இருக்கும். அந்தப் பொருளுக்கு அதை விட்டுவிடுவதே நல்லது.

ஆகவே நான் முன்வைப்பது சூழிசை. சூழ் என்ற வினைப்பகுதியோடு இசை நேரே புணர்ந்த வினைத்தொகை. சூழ்ந்த இசை, சூழ்கின்ற இசை, சூழும் இசை என மூன்று காலத்துக்கும் விரியும். எப்போது தொடங்கிற்று, எப்போது முடியும் என்று தெரியாமல் ஒலித்துக்கொண்டிருக்கிற இசைக்குக் காலங்காட்டாத தொகை பொருந்துவது போல வேறெதுவும் பொருந்தாது. 'சூழல்' என்ற பெயர்ச்சொல்லில் நிலைத்துப்போன பொருள் இங்கே குறுக்கிடுவதும் இல்லை.

இன்னொரு பொருத்தத்தையும் சொல்ல வேண்டும். 'சுற்றிச் செல்' என்ற அந்த லத்தீன் வினையிலிருந்தே, வாக்குக் கேட்டு ஊரைச் சுற்றி வருதல் என்ற பொருளில் இன்னொரு சொல் கிளைத்து, ஆங்கிலத்தில் பேராசையையும் உயர்நோக்கத்தையும் குறிக்கும் ஆம்பிஷன் ஆயிற்று. நம் 'சூழ்' என்பதும் அப்படியே வளைத்து நிற்பதையும் குறிக்கும், ஆராய்ந்து திட்டமிடுவதையும் குறிக்கும். 'சூழினுந் தான்முந் துறும்' என்று ஊழைப் பற்றிச் சொல்லும்போது வள்ளுவர் திட்டமிடுவதையே சொன்னார். அமைச்சரைச் 'சூழ்வார்' என்றார். சூழ்ச்சி பின்னாளில்தான் வஞ்சகத்தோடு ஒட்டிக்கொண்டது. தொடர்பே இல்லாத இரு மொழிகளில் ஒரே கருத்து ஒரே வழியில் கிளைத்திருக்கும்போது, அந்த வேரை விட்டுவிட்டுக் காற்றையும் மண்டலத்தையும் தேடிப் போவானேன்?

சூழிசை என்றால் மேலை நாட்டுச் சரக்குக்கு வலிந்து இட்ட தமிழ்ப்பெயர் என்று எண்ணவும் வேண்டாம். யாழின் வகையையும் பறையின் வகையையும் ஒரு நிலத்தின் கருப்பொருளாகத் தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு ஒன்றாக வைத்தவர் தொல்காப்பியர். இடத்தின் இயல்பில் இசையும் ஓர் உறுப்பு என்ற எண்ணம் அங்கேயே இருக்கிறது. நெல்லைச் சீமையில் சுடலைமாடனுக்குக் கொடை நடக்கும்போது கணியான் கூத்தைப் பார்த்தவர்கள் இதை நேரில் அறிவார்கள். மகுடம் என்ற பறையைத் தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றி, உச்சத்தில் ஒன்றும் மந்தத்தில் ஒன்றுமாக இரண்டு மகுடங்கள் அடிக்கத் தொடங்கும். அண்ணாவி பாடும்போது அவை பாட்டுக்குத் துணை. அவர் பாட்டை நிறுத்திய பிறகும் மகுடம் நிற்பதில்லை; சாமியாடிக்கு அருள் வரும்வரை அந்த இடத்தையே அது பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். "கொட களகட்டிட்டு" என்று ஊரார் சொல்வது அப்போதுதான். அட்மாஸ்ஃபியர் என்ற சொல்லின் இரண்டாம் பொருளுக்கு எங்கள் பேச்சில் இருக்கிற சொல் 'களை', வளிமண்டலம் அன்று.

இவ்விசையை ஆக்குகிறவர்களைப் பற்றியும் ஒரு சொல். பெருவழக்குத் திரையிசைக்கு வெளியே குழுக்களில் வளர்ந்த இவர்களை ஆங்கிலத்தில் ஆல்டர்நேட்டிவ் மியூசிஷியன் என்பார்கள். 'மாற்று இசைக் கலைஞர்' என்று பிரித்து எழுதினால், வர வேண்டியவர் வராததால் அவருக்குப் பதிலாக வந்து வாசிக்கிறவர் என்றே பொருள்படும். மாற்றிசைக் கலைஞர் என்று சேர்த்து எழுத வேண்டும். மாற்று என்பது இசைக்கு அடையே தவிர ஆளுக்கு அடை அன்று. தைக்குடம் பிரிட்ஜ் குழுவின் கோவிந்த் வசந்தா 2018-இல் '96' படத்துக்கும், கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் டென்மா 2022-இல் 'நட்சத்திரம் நகர்கிறது' படத்துக்கும் வந்ததுபோல் நம்மிடமும் அவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். எழுதுகிறவர்களுக்கு இச்சொல் இனி அடிக்கடி தேவைப்படும்.

சூழிசை என்றால் திரையரங்கில் நான்கு பக்கமும் ஒலிபெருக்கி வைத்துக் கேட்பிக்கும் சரவுண்ட் சவுண்டோடு குழம்பாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான ஐயம். அதற்குச் சுற்றொலி என்று இருக்கட்டும். ஒலிப்பதிவாளர்கள் ஆம்பியன்ஸ் என்று தனியாகப் பதிவுசெய்கிற தெருவோசை, மின்விசிறியோசை, பூச்சியோசை ஆகியவற்றுக்குச் சூழொலி என்று இருக்கட்டும். ஒலியும் இசையும் வெவ்வேறு என்பதை ஈற்றுச்சொல்லே காட்டிவிடும்.

சப்டைட்டில் எழுதுகிறவர்களிடம் கேட்பது ஒன்று உண்டு. சூழிசை என்பதோடும் நிறுத்திவிட வேண்டாம். 'அச்சமூட்டும் சூழிசை', 'துயரம் தோய்ந்த சூழிசை', 'சூழிசை மெல்ல அடங்குகிறது' என்று எழுதினால், கேளாதவர்க்கு அந்தக் காட்சியில் நடப்பது போய்ச் சேரும். ஒலிக்கிற கருவி எதுவென்று தெரிந்துவிட்டால், 'ஒற்றைச் செல்லோ தாழ்ந்த சுருதியில் நீள்கிறது' என்றே எழுதலாம். அந்த இடத்தில் சூழிசை என்ற சொல்லும் வேண்டியதில்லை.