பழைய நூலகச் சுவருக்கு சிமெண்ட் பூசாதீர்கள்

மறுபடியும் ஒரு பழைய நூலகக் கட்டடம், மறுபடியும் அதே கதை. "போன வருஷம்தான் நல்ல சிமெண்டா போட்டுப் பூசினோம் சார், அதுக்குள்ள உப்பு பூத்துடுச்சு" என்று சுவரைக் காட்டினார்கள். தட்டினால் உள்ளே வெற்றிடம் இருக்கிற சத்தம். ஓரத்தில் நெம்பியதும் பூச்சு பாளமாகக் கையோடு வந்தது, உள்ளே செங்கல் ஈரத்தில் மாவாகக் கிடந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் புத்தக அலமாரி!

இந்த மாதிரிப் பழைய சுவருக்கு ஏற்றது சுண்ணாம்புப் பூச்சுதான். அது பலவீனமானது என்று யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ. எழும்பூர் கன்னிமாரா நூலகத்தின் பழைய கட்டடத்தைப் போய்ப் பாருங்கள். 1890-ல் அடிக்கல் நாட்டி, 1896 டிசம்பர் 5 அன்று திறந்தது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. வண்ணக் கண்ணாடியும் தேக்கு வேலைப்பாடுமாக அந்த உயரமான கூடம் இன்றும் நிற்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த அந்தக் காலக் கட்டுமானத்தில், மழைக்காலத்தில் சுவர் குடிக்கிற ஈரம் வெயில் வந்ததும் பூச்சு வழியாகவே வெளியேறிவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடும், கரைந்திருக்கும் உப்பு பூச்சுக்குப் பின்னாலேயே படிகமாகிச் செங்கல்லை உடைக்கும். சிமெண்ட் கெட்டிதான், யார் இல்லை என்றார்கள்? அது கெட்டியாக நிற்பதால்தான் மென்மையான பழைய செங்கல் நொறுங்குகிறது. பிளாஸ்டிக் எமல்ஷன் பெயிண்ட் அடிப்பதும் இதே தப்புதான்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடணும், காரை பக்குவப்படக் காத்திருக்கணும். அந்தச் சிரமத்துக்குப் பயந்துதான் பல செலவு மதிப்பீடுகளில் சிமெண்ட் நுழைகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியாததில்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மொட்டை மாடி மழைநீர் வடிகுழாய்களைச் சுத்தம் செய்யுங்கள். சுவரில் ஏறும் ஈரத்தில் பாதிக்குக் காரணம் அங்கே அடைத்திருக்கும் சருகுதான். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்தால் சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். வேர் இறங்கியபின் பிடித்து இழுக்காதீர்கள், செங்கல்லும் கூடவே வரும். அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், காற்று போகட்டும்.

நூலகர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒப்பந்ததாரர் சிமெண்ட் மூட்டையோடு வந்து இறங்கினால், மரபுக் கட்டட வேலை தெரிந்த ஒருவர் வந்து பார்க்கும்வரை வேலையைத் தொடங்க விடாதீர்கள். அவசரம் என்பார்கள். பரவாயில்லை, சுவர் காத்திருக்கும்.